செவ்வாயில் வீடு யாருடைய பேரில்

செவ்வாய்க் கிரகத்தை எனக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கவில்லை. அது என் சாதகத்தில் எட்டாம் வீட்டில் குந்திக்கொண்டு முப்பத்தொரு வயதுவரை என் கல்யாணத்தை மறித்தது. கரம்பொனில் என் பேரில் கல்வீடு இருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. பின்வளவில் தென்னையும் பனையும் நின்றன. அதையெல்லாம் சுற்றிப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தவர்கள், சாதகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். தட்டில் வைத்த பயத்தம் பணியாரத்தை மட்டும் ஒருவரும் மிச்சம் விடவில்லை.

கடைசியில் நாரந்தனையிலிருந்து அதே குற்றத்தோடு ஒருவர் அகப்பட்டார். விஞ்ஞான ஆசிரியர். அவருக்கும் செவ்வாய் பிழையான இடத்தில் நின்றது. குற்றத்துக்குக் குற்றம் சரியாகிவிடும் என்று சாத்திரியார் சொன்னார். இப்படியாக, கண்ணுக்கு ஒரு சிவப்புப் புள்ளியாக மட்டும் தெரியும் ஒரு கிரகம் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது. அதன் பிறகு அது ஒதுங்கியிருந்திருக்கலாம். இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது, உறுதி என்கிற வீட்டுப் பத்திரம் பெண்ணின் அலுமாரியில் இருக்கும். அவரும் முறைப்படி பெட்டியோடு வந்தார். ஆறு மாதம் இருந்தார். பிறகு எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்து, அதே பெட்டியோடு போனார். கஷ்டப் பிரதேசச் சேவை, இரண்டு வருடம் என்றார்கள்.

எழுவைதீவு ஊர்காவற்துறை இறங்குதுறையிலிருந்து வள்ளத்தில் ஒரு மணித்தியாலம்தான். ஆனால் கரம்பொனில் அதைப் பற்றிக் கதைக்கிற விதத்தைக் கேட்டால், அங்கே போனவர்கள் உடுப்போடு திரும்பி வருவார்களோ என்று சந்தேகமாக இருக்கும். பாலம் இல்லை, பஸ் இல்லை, கடை என்று சொல்ல ஒரு கடை இல்லை, காற்றுக்காலத்தில் வள்ளமும் இல்லை. அவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவார், ஞாயிறு பின்னேரம் போவார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, மாப்பிள்ளை இந்தக் கிழமை வருவாரோ, இல்லாட்டி கடல் கொந்தளிப்பெண்டு சொல்லுவாரோ?” என்று கேட்பா. நான் கிணற்றடியில் வாளியை ஓங்கி வைப்பேன்.

இரண்டு வருடம் முடிந்தது. அவர் திரும்பி வருவதற்கு விண்ணப்பம் போடவில்லை. கேட்டால், “அங்கை விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை” என்றார். “இஞ்சை எனக்கும் ஆளில்லை” என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சோற்றைப் பார்த்தபடி சாப்பிட்டோம். மூன்றாம் வருடமும் ஓடியது. எனக்கு முப்பத்திநாலு வயது. பிள்ளை இல்லை. கிழமையில் இரண்டு நாள் வருகிற மனிதனை நம்பி எப்படிப் பிள்ளை வரும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம்தான் கூட இருந்தது.

வருகிற இரண்டு நாளிலும் அவர் என்ன செய்தார் என்றால், ஒரு தடித்த சி.ஆர். கொப்பியில் மனிதர் செவ்வாயில் குடியேறுவது பற்றி எழுதினார். தெரிந்தவர் ஒருவர் கொழும்பிலிருந்து அனுப்பிய பழைய விஞ்ஞானச் சஞ்சிகைகளை வாசித்து வாசித்து எழுதினார். அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, மூச்சு விடக் காற்றில்லை, மண்ணில் ஒன்றும் முளைக்காது. இத்தனை குறையும் தெரிந்த மனிதர் அந்த இடத்தைக் கைவிடுவதாக இல்லை. என் வீட்டில் எல்லாம் இருந்தது, அதில்தான் அவருக்கு ஆர்வம் வரவில்லை.

ஒருநாள் நான் குளிக்கும்போது வேலிக் கரையில் நின்று என் வாளிகளை எண்ணினார்.

“பதினெட்டு” என்றார். “செவ்வாயிலை இந்தத் தண்ணியிலை ஒரு குடும்பம் பத்து நாள் இருக்கலாம்.”

அவரைப் பார்த்துக்கொண்டே பத்தொன்பதாவது வாளியை அள்ளித் தலையில் ஊற்றினேன். அவர் அதையும் கொப்பியில் எழுதினார்.

தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம், நானே ஊர்காவற்துறைக் கல்விக் கந்தோருக்குப் போய் இடமாற்ற விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். பங்குனிக் கடைசிக்குள் கொடுத்தால் அடுத்த பள்ளித் தவணையில் மாற்றம் கிடைக்கும் என்று அங்கிருந்த கிளாக்கர் சொன்னார். பேர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊர்ச் சனத்துக்குச் செவ்வாய் பற்றிப் பேசப் போகிறாராம், அதனால் வரமுடியாது என்று வள்ளக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

“கோதாரி விழுந்த செவ்வாய்” என்றேன். சனிக்கிழமை காலை படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நானே வள்ளம் ஏறினேன். கல்யாணம் கட்டி மூன்றரை வருடத்தில் எழுவைதீவுக்கு நான் போனது அன்றுதான் முதல்.

அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அக்காதான் துறைக்கு வந்து என் கையைப் பிடித்து இறக்கினா. கிறிஸ்தவ வேதக்கார அக்கா, புருசனும் மகன்மாரும் கடல் தொழில், கடைசி மகள் அவரிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்தாள். “மாஸ்டற்றை மனுசியோ? கண்ணுக்குக் காட்டாமல் ஒளிச்செல்லோ வைச்சிருந்தவர்” என்று சொல்லிக்கொண்டு, என் செருப்புக்குள் புகுந்த மண்ணைத் தட்டிவிட்டா. அந்த வீட்டில் சண்டை பிடிக்க யாராவது இருப்பார்கள் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.

பேச்சுக்கு நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அன்று கடலுக்குப் போகாதவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். நான் பின்வரிசை வாங்கில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் என்னைக் கண்டதும் வெண்கட்டியைக் கீழே போட்டார், பிறகு எடுத்துக்கொண்டு தொடங்கினார். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டமும் ஒரு சின்ன வட்டமும் இருந்தன. பெரியது நாங்கள், சின்னது செவ்வாய்.

நன்றாகத்தான் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு முணுமுணுக்கிற மனிதர் அங்கே நிமிர்ந்து நின்றார். போக எட்டு ஒன்பது மாதம் எடுக்கும், திரும்பி வருவதென்றால் இரண்டு கிரகமும் வசதியான இடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த வசதி வரும் என்றார்.

“ரண்டு வரியத்துக்கு ஒருக்கால் வள்ளம்” என்று முன்னாலிருந்த ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கினார். “ஆனால் சொன்ன நாளுக்கு வரும்.”

“அப்ப எங்கடை வள்ளத்தைவிடத் திறம்” என்றார் இன்னொருவர். வள்ளக்காரரும் அங்கேதான் இருந்தார், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்று இல்லை என்றதும், அப்படியானால் கருவாடு காயாதே என்றார்கள். தண்ணீர் நிலத்துக்குக் கீழே பனிக்கட்டியாக இருக்கலாம் என்றதும், உப்போ நன்னீரோ என்று கேட்டார்கள். அது இன்னும் தெரியாது என்றார். ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் தெரியாத தண்ணீரை நம்பிப் போகக்கூடாது என்று அந்தக் கேள்வியை அவர்களே முடித்துவைத்தார்கள். செத்தால் எங்கே தாழ்ப்பது என்று ஒரு கிழவர் கேட்டார். இடத்துக்குப் பஞ்சமில்லை என்று அவர் சொன்னதும் கிழவருக்குத் திருப்தி.

பிறகு, ஒரு ஆள் இருபது கிலோதான் கொண்டுபோகலாம் என்றால் எதை எதைக் கொண்டுபோவது என்று கொப்பியிலிருந்து வாசித்தார். தண்ணீர், விதை, மருந்து, ஊசி நூல், கயிறு, சவர்க்காரம். உப்பை விட்டுவிட்டார் என்று சனம் கத்தியது. வெட்கத்தோடு உப்பை எழுதிக்கொண்டார். வள்ளத்தில் சாமான் ஏற்றிப் பழகிய ஆட்கள், எதை அடியில் வைப்பது எதை மேலே வைப்பது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி வரியை வாசித்தார்: “காணி உறுதி, வீட்டு உறுதி தேவைப்படாது. அங்கே காணி ஒருவருக்கும் சொந்தமில்லை.”

காற்றில்லை என்றபோது சிரித்த சனம் அது. தண்ணீர் இல்லை என்றபோது தலையாட்டிய சனம். உறுதி இல்லை என்றதும் ஆளை ஆள் பார்த்தார்கள்.

என் பக்கத்திலிருந்த அக்கா எழும்பினா.

“மாஸ்டர், அப்ப வீடு ஆரின்ரை பேரிலை?”

“வீடு எல்லாருக்கும் பொது, அக்கா.”

“பொது வீட்டை ஆர் மகளுக்குச் சீதனமாக் குடுக்கிறது?”

“அங்கை சீதனம் இராது.”

“அப்ப ஒரு பெட்டையும் வராது” என்றா அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, சந்தை விலையைச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னா. “பெட்டையின்ரை பேரிலை வீடில்லாட்டி அது ஊரில்லை மாஸ்டர், வாடி. மீன் படுகிற மாசத்திலை ஆம்பிளையள் ஓலைக் கொட்டில் போட்டுக் கிடந்திட்டு வாறேல்லையே, அது. அவியள் போய்ச் செவ்வாயிலை நிண்டிட்டு வரலாம். அதைக் குடியேற்றம் எண்டு சொல்லக்கூடாது. முதல் போற பெட்டைக்கு ஆரோ ஒரு ஆள் வீடு குடுக்க வேணும். அங்கை அதுக்கு ஆர் இருக்கினம்?”

அவர் கொப்பியைப் புரட்டினார். கொப்பியில் அதற்கு விடை இல்லை. கண்டறியாத சஞ்சிகைகள் ஒன்றிலும் அது எழுதியிருக்கவில்லை போலும்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. மூன்றரை வருடமாக நான் யாரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அந்த ஊர் அக்கா ஒரு சொல்லில் சொல்லிவிட்டா. வாடிக்காரர். கல்வீடும் கிணறும் உறுதியும் உள்ள பெண்சாதி ஒருத்தி இருக்க, வாடியில் கிடக்கிற மனிதர். நானும் எழும்பினேன்.

“எனக்கும் ஒரு கேள்வி” என்றேன். “அங்கை போறவர், போக முதல் தன்ரை பெண்சாதியைக் கேட்டவரோ?”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேக்கேல்லை” என்றார். “கூட வாறீரோ எண்டு ஒருக்கால்கூடக் கேக்கேல்லை. கேட்டால் ஏலாதெண்டு சொல்லிப்போடுவா எண்டு பயந்திட்டன்.”

நான் வாங்கில் இருந்துவிட்டேன். தலைமை ஆசிரியர் எழும்பி நன்றி சொல்லி, எல்லோருக்கும் பிளேன்ரீ உண்டு என்று அறிவித்தார்.

பேச்சு முடிந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். நான் படிவத்தை நீட்டினேன். வாசித்தார். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். “கையெழுத்து எங்கை வைக்கிறது?” என்று கேட்டார். காட்டினேன். ஆசிரியர் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் வென்றுவிட்டேன். மூன்றரை வருடச் சண்டை மூன்று நிமிடத்தில் முடிந்தது. சந்தோசமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அவர் நிமிர்ந்தபோது முகத்தைப் பார்க்காமல் படிவத்தை மடித்தேன்.

துறையில் அக்கா ஒரு கருவாட்டுப் பார்சலைக் கையில் திணித்தா. மகளும் கூட நின்றாள். அடுத்த வருடம் அவளுக்குப் பெரிய சோதனை, அரசாங்கப் பரீட்சை.

“கொண்டு போறீர் என்ன?” என்றா அக்கா. “போகட்டும். உம்மடை மனுசன்தானே. ஆனால் பிள்ளை, நீர் இஞ்சை வந்திருப்பீரெண்டால், எங்கடை வடக்குக் காணியிலை உம்மடை பேரிலை ஒரு வீடு போட்டுத் தந்திருப்பன். மெய்யாத்தான் சொல்லுறன்.”

“சும்மா போங்கோ அக்கா” என்று சிரித்தேன். முகத்துக்காகச் சொல்லுகிறா என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் காணியை முகத்துக்காகக்கூட ஒருவரும் தருவதாகச் சொல்லமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஆனியில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. ஆடியில், வள்ளங்கள் நிற்கப் போகின்றன என்று கதை அடிபட்ட கிழமை, மாற்றம் பிந்திக் கிடைத்து அவர் பெட்டியோடு வந்து இறங்கினார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இனிப் போகமாட்டாரோ?” என்றா. “போகமாட்டார்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை வாளியை ஓங்கி வைத்திருப்பேன்.

அவர் என் வீட்டில் முப்பத்தேழு நாள் இருந்தார். காலையில் எனக்குத் தண்ணீர் அள்ளித் தந்தார், எண்ணவில்லை. குசினிக் கூரையில் ஓடு மாற்றினார். செவ்வாய் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கொப்பி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. முதல் முறையாக அது என்னைக் கொஞ்சம் வருத்தியது.

முப்பத்தெட்டாம் நாள் காலை ஷெல் விழத் தொடங்கியது. வேலணைப் பக்கமாகச் சனம் போகிறது என்றார்கள், தோணியில் அராலிக் கரைக்கு ஏற்றுகிறார்கள் என்றார்கள். கையில் கொண்டுபோகக் கூடியதைத்தான் கொண்டுபோகலாம் என்றார்கள். நான் வீட்டு நடுவில் நின்று என்ன எடுப்பது என்று தெரியாமல் ஒரு செம்பைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றேன். அவர் பெட்டியைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்து என் கையில் தந்தார்.

“ஆளுக்கு இருபது கிலோ” என்றார். “வாசியும், நான் கட்டுறன்.”

நான் வாசித்தேன். தண்ணீர். விதைக்குப் பதிலாக ஒரு சுண்டு அரிசி போட்டார். மருந்து, ஊசி நூல், கயிறு, சவர்க்காரம். உப்பு. எழுவைதீவுச் சனம் சொல்லிக் கொடுத்த மாதிரியே பாரமானதை அடியில் வைத்தார். கடைசி வரிக்கு வந்தேன். ‘உறுதி தேவைப்படாது’ என்றிருந்தது நீலப் பேனையால் வெட்டப்பட்டு, பக்கத்தில் வேறு எழுதியிருந்தது: ‘உறுதி – பெண்சாதியைக் கேட்கவேண்டும்.’

“என்ன, எடுக்கிறதோ?” என்று கேட்டார். குனிந்து கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார்.

“எடுங்கோ” என்றேன். அழுகை வந்துவிட்டது. ஷெல்லுக்குப் பயந்து அழுகிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பு அறையில், ஐந்து குடும்பங்களோடு அகதிகளாக இருந்தோம். கரம்பொனில் ஒரு சனமும் இல்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் எங்கள் அறையில்தான் இருந்தா, இப்போது இடையில் வேலி இல்லை. கல்வீடும் கிணறும் உறுதியும் உள்ள ஊர் முழுக்கக் காலியாகிவிட்டது. எழுவைதீவுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கக் கடல் முழுக்கக் கடற்படை நின்றது.

அடுத்த வருடம், வருத்தக்காரர் ஒருவரை அங்கிருந்து செஞ்சிலுவைக்காரர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கூட வந்தவர் எங்களைத் தேடிப் பிடித்தார். அன்று ‘ரண்டு வரியத்துக்கு ஒருக்கால் வள்ளம்’ என்று விளக்கிய அதே மனிதர்தான். மெலிந்து போயிருந்தார். சிலர் போய்விட்டார்கள், மிச்சப் பேர் இருக்கிறோம் என்றார். படிப்பிக்க மட்டும் ஆளில்லை, வீட்டுக்கார அக்காவின் மகள் சோதனை எடுக்கவில்லை என்றார். என் மனுசன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வந்தவர் மடியிலிருந்து ஒரு கடிதத் துண்டை எடுத்து என்னிடம் தந்தார். அக்கா மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தா.

‘பிள்ளைக்கு, நாங்கள் சுகம். கரம்பொனில் ஒருத்தரும் இல்லை எண்டு கேள்விப்பட்டம். வடக்குக் காணியில் வீடு போட்டாச்சு. ஓலைதான், ரண்டு அறை. கிணறு கிட்ட, நல்ல தண்ணி. உறுதி எழுத இங்கை நொத்தாரிசு இல்லாதபடியால் கதவில் உம்மடை பேரைச் சுண்ணாம்பால் எழுதியிருக்கு. மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாரும்.’

இரண்டு தரம் வாசித்தேன். அவர் வாசிக்க நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

“இஞ்சேருங்கோ” என்றேன். “போவம்.”

அவர் என்னைப் பார்த்தார். மூன்றரை வருடம் அவர் கேட்கப் பயந்த கேள்விக்கு நான் சொன்ன பதில் அது. கிழமைக்குக் கிழமை வள்ளம் ஓடிய காலத்தில் அது என் வாயில் வரவில்லை.

“பாதை இல்லையே” என்றார்.

“எப்ப வரும்?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“செவ்வாய்க்கெண்டால் ரண்டு வரியத்துக்கு ஒருக்கால்” என்றார். “இதுக்குத் தெரியாது.”

துண்டை மடித்து உறுதிக்குள் வைத்தேன். என் பேரில் அப்போது இரண்டு வீடு இருந்தது. மத்தியானம் ஆகிவிட்டபடியால், நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு சோற்று வரிசையில் போய் நின்றோம்.